மலைப் பக்கத்துக் கோல்

‘தெரியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஓம்’ என்று சொல்லி மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம். என் வாழ்க்கையின் மிகப் பெரிய ‘ஓம்’ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியில், பலெர்மோ நகரில் சொன்னது.

ஊரிலிருந்து வந்து நாலு மாதம். ‘சின்யோரா’ என்று நான் கூப்பிடும் ஓர் அம்மணி வீட்டில் குளியலறை, சமையற் குசினி எல்லாம் கழுவும் வேலை. அதே நகரில் சீசா என்ற பகுதியில் இருந்த றீற்றாவை எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு அவளுடைய அண்ணன் அந்தோனியின் கையில். ஒரு நாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னைப் பிடித்தார்.

“தம்பி, பந்து பாக்கிறனீரோ?”

“ஓம் அண்ணை! ஒரு மட்சும் விடுறேல்லை.”

(அவர் கேட்டது கால்பந்து. எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். அதிலும் ஸ்கோர் எழுதுகிற வேலை.)

“அப்ப ஞாயிறு ரெண்டுபேரும் போவம்.”

உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்த மைதானம் மலையடிவாரத்தில் பளபளத்தது. எண் போட்ட இருக்கைகள், ஒரே அச்சில் வார்த்த மாதிரிப் படிக்கட்டுகள். வாயைப் பிளந்தேன். ஒரு மட்சும் விடாதவன் வாய் பிளக்கக் கூடாதே என்று உடனே மூடிக்கொண்டேன்.

சுற்றியிருந்தவர்களைக் கவனித்ததில் ஒரு சூத்திரம் பிடிபட்டது. மலைப் பக்கத்துக் கோலை நோக்கிப் பந்து போனால் எல்லோரும் எழும்பினார்கள். மறுபக்கம் போனால் நெஞ்சில் கை வைத்தார்கள். இதற்குமேல் பந்தாட்டத்தில் என்ன இருக்கிறது?

இடைவேளையில், “கோப்பி வாங்கிக்கொண்டு வாறன் அண்ணை” என்று கிளம்பினேன். திரும்பும்போது இரண்டு தடவை தவறான படிக்கட்டில் ஏறி இறங்கினேன். மூன்றாவது படிக்கட்டில் ஏறித் தலை வெளியே வந்த நேரம், ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. மலைப் பக்கத்து வலைக்குள் பந்து கிடந்தது.

“கோல்!” என்று துள்ளினேன். இரண்டு கோப்பியும் முன்னால் இருந்த மீசைக்காரரின் இளஞ்சிவப்புச் சால்வையில் போய் விழுந்தன.

அந்தப் பகுதி முழுக்க நெஞ்சில் கை வைத்திருந்தது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. (நான் கேட்டால்தானே!)

மீசைக்காரர் எழும்பினார். எழும்பிக்கொண்டே இருந்தார், அவ்வளவு உயரம். இத்தாலிய மொழியில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். தினமும் சொல்லிப் பழகிய ஒரே வசனம்தான் வந்தது.

“சின்யோரா, ஓ ஃபினீத்தோ இல் பாஞ்ஞோ.”

(அம்மணி, குளியலறை கழுவி முடிந்தது.)

அவர் மீசை நடுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. அவர் ஏதோ கேட்டார். இரண்டு வரிசை மேலேயிருந்து அந்தோனி அண்ணை தலையில் கை வைத்தபடி மொழிபெயர்த்தார்:

“குசினி மிச்சமோ எண்டு கேக்கிறார்.”

மீசைக்காரர் என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, உப்புப் போட்ட பூசணி விதை தந்தார். கடைசி நிமிடங்களில் எங்கள் அணி கோல் அடித்துச் சமன் செய்தபோது என்னைக் குழந்தை மாதிரித் தூக்கினார்.

பஸ் தரிப்பு வரை அண்ணை எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார். கலியாணம் கைநழுவியது என்றே நினைத்தேன்.

“உண்மையைச் சொல்லும். முந்திப் பந்து பாத்திருக்கிறீரோ?”

“இல்லை அண்ணை.”

“கோப்பி ஊத்தின ஆளிட்டையே விதை வாங்கித் திண்டனீர். நீர் எங்கை விட்டாலும் பிழைச்சுக்கொள்ளுவீர். றீற்றாவோடை நான் கதைக்கிறன்.”

கதைத்தார். கலியாணமும் நடந்தது. போன வருடம் மகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. உறையைக் கண்டதுமே நான் துள்ளினேன். றீற்றா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார்த்தினாள்.

“பொறுங்கோப்பா. ஆர் அடிச்சதெண்டு முதல்லை பாப்பம்.”