வில்கின் அணியைத் தோற்கடித்த படம்

அசுவா,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

அன்பும் மரியாதையும் மிகுந்த ஃபிதெலினா அக்காவுக்கு,

உன் தம்பி எலாடியோ எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே வீட்டில் எல்லோரும் சுகம்; என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதன் காரணம் கீழே வரும். அங்கே லாரன்ஸில் குளிர் விட்டிருக்கும், மச்சானுக்கு மூச்சிரைப்பும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மகன் வில்கின் இதற்குள் உனக்கு போன் போட்டு அழாத குறையாக எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். அவன் சொன்னதை நம்புவதற்கு முன்னால், சம்பவம் நடந்த இடத்துக்கு ஏழடி தூரத்தில் நின்றவனின் வாக்குமூலத்தையும் படித்துவிடு. இருபத்தொன்பது வருஷம் பிறப்புப் பதிவேடு எழுதியவன் நான். பேஸ்பால் ஆடும் பையன்களின் அப்பாக்கள் வந்து, மரியாதையாகத் ‘தோன்’ போட்டு, ‘தோன் எலாடியோ, ஒரு ரெண்டு வயசு மட்டும் குறைச்சுப் போடுங்க’ என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பார்கள். ஒரு நாள் குறைத்திருப்பேனா? அப்பேர்ப்பட்டவனைத்தான் உன் மகன் குடும்பத்துக்குத் துரோகி என்கிறான்.

நீ கிறிஸ்துமஸ் பெட்டியில் அனுப்பிய கேமராவை நான் வீணாக்கவில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே மைதானத்துக்குக் கிளம்பிவிட்டேன். மூன்றே ஞாயிற்றுக்கிழமையில் தொழில் கைவசமாகிவிட்டது. முதல் ஞாயிறு எடுத்ததெல்லாம் புழுதி. அது அசுவாவின் குற்றம். இரண்டாவது ஞாயிறு மூன்றாவது பேஸுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், மூடிய கண் பக்கமாகப் பந்து வந்து முழங்காலைப் பதம் பார்த்தது. ஆனால் பந்து வருவதற்கு அரை நொடி முன்னால் எடுத்த படம் அபாரம், பந்து தட்டு மாதிரிப் பெரிதாகத் தெரிகிறது. மூன்றாவது ஞாயிறு சூட்சுமம் பிடிபட்டது. பந்து வீசுகிற பையன் முழங்காலைத் தூக்கும்போதே பட்டனை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும், விடவே கூடாது. அதன் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. அம்மாக்களெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூழைக்கடா அணிக்குக் கேட்சராக நின்று பந்து பிடிக்கும் எமிலுடைய அம்மா சுனில்தா மட்டும் ஒரு நாள் சண்டைக்கு வந்தாள்.

“எல்லாப் படத்துலயும் எம்புள்ள வாயத் தொறந்துக்கிட்டே இருக்கானே, ஏன்?”

“அவனை மூடச் சொல்லும்மா. நான் என்ன பல் டாக்டரா?” என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு இறுதி ஆட்டம், வில்கின் பயிற்சி கொடுக்கும் சேவல் அணிக்கும் கூழைக்கடா அணிக்கும். ஜெயிக்கிற பையன்கள் சான்தியாகோவில் நடக்கும் நாடளாவிய போட்டிக்குப் போவார்கள். ஆறாவது இன்னிங்ஸ், அதாவது கடைசி. சேவல் அணி ஒரு ரன் பின்தங்கி நிற்கிறது, இன்னும் ஒரு அவுட்தான் பாக்கி. மூன்றாவது பேஸிலிருந்து யெய்ரி என்கிற பையன் ஓடி வருகிறான், பதினோரு வயசு, சிட்டாய்ப் பறப்பான். ஹோம் பிளேட்டைத் தொட்டால் சமம், ஆட்டம் தொடரும். அதற்குள் எமில் பந்தை அவன்மேல் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. யெய்ரி காலை நீட்டிச் சறுக்கினான். எமில் விழுந்தான். புழுதி எழுந்தது பார், அக்கா, ஒரு லாரி மாவைக் கொட்டின மாதிரி. புழுதி அடங்கியபோது அம்பயர் அமாதோ கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். நம் முடிதிருத்தும் அமாதோதான். அவுட் என்று கையைத் தூக்கவும் இல்லை, அவுட் இல்லை என்று விரிக்கவும் இல்லை. கத்தல், கூச்சல், அம்மாக்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள். அப்போது வாயைத் திறந்தது யார் தெரியுமா? உன் மகன்தான்.

“எங்க மாமா எடுத்திருப்பார். மாமா படம் என்ன சொல்லுதோ அதுதான் தீர்ப்பு. சரியா?”

சரி என்றது ஊர். நான் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கிடைத்தது. எமிலின் கையுறைக்குள் பந்து, கையுறை ஓடி வந்தவனின் தொடையில், அவன் கால் பிளேட்டுக்கு ஒரு சாண் முன்னால். தலையை நிமிர்த்தினால் வில்கின் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். சின்ன வயசில் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது பார்ப்பானே, அதே பார்வை.

“அவுட்” என்றேன்.

“நல்லாப் பாருங்க மாமா. கண்ணாடி போட்டுப் பாருங்க.”

“போட்டுத்தான்டா இருக்கேன்.”

அமாதோ தொப்பியைக் கேமராவுக்குக் குடையாகப் பிடித்துப் பார்த்தார், கையைத் தூக்கினார். யெய்ரி பிளேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். “நான் தொட்டேன், தோன் எலாடியோ. காலுல பட்டுச்சு” என்றான். “கேமரா பொய் சொல்லாதுப்பா” என்றேன். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து வில்கின் வீட்டிலிருந்து சோறு வருவதில்லை. பதிலாக சுனில்தா ஒரு பெரிய கிண்ணம் நிறைய பீன்ஸ் பாயசம் அனுப்பினாள், பிஸ்கட்டெல்லாம் மிதக்க. அதைச் சாப்பிட்டது தப்பா? லஞ்சம் என்கிறார்கள். டோமினோ ஆடுகிற இடத்தில் நான் வந்தால் காலி நாற்காலிமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வில்கின் நடுத்தெருவில் என்னை நிறுத்தி, “அந்தப் பசங்க வருஷம் பூரா வெயில்ல ஓடினாங்க மாமா. உங்களுக்கு ஒரு நிமிஷம் தயக்கம்கூட இல்லியே” என்றான். எனக்கா தயக்கம்? கண்ணால் கண்டதைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? பேச்சை அடியோடு நிறுத்த ஒரே வழிதான் என்று, அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாகப் போட நைரோபி என்கிற பெண்ணின் பிரிண்டிங் கடையில் கொடுத்திருக்கிறேன். மளிகைக்கடைச் சுவரில் மாட்டப்போகிறேன். சந்தேகப்படுகிறவன் கிட்டே வந்து பார்க்கட்டும். ஆகையால், அக்கா, நீ வில்கினிடம் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று கொஞ்சம் சொல்லிக்கொடு.

மச்சானைச் சூடாக வெந்நீர் குடிக்கச் சொல். உன் கண்ணில் ஒரு சொட்டு நீர் வராமல் கடவுள் காக்கட்டும்.

உன் ஆசியை வேண்டும் தம்பி,
எலாடியோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் படத்தை வாங்கப் போனேன். பிரமாதமாக வந்திருந்தது. நைரோபி சும்மா இருக்காமல், “ஆறாவது இன்னிங்ஸ்னீங்க தோன், பின்னாடி ஸ்கோர் பலகையில மூணுன்னு தொங்குதே” என்றாள். மூன்றாவது இன்னிங்ஸிலும் அதே இடத்தில் ஒரு சேவல் பையன் அவுட்டானான். ஒரே சட்டை, ஒரே ஹெல்மெட். ஆறாவது இன்னிங்ஸில் நான் எடுத்தது அமாதோவின் முதுகு. பன்னிரண்டு படம், எல்லாம் மிகத் தெளிவு.

வில்கினிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் கத்தவில்லை, ஒரு நாற்காலி எடுத்துப் போட்டான், அவனே அதில் உட்கார்ந்துகொண்டான். சனிக்கிழமை அந்த இடத்திலிருந்தே திரும்ப ஆடுகிறார்கள். சுனில்தா கிண்ணத்தைத் திருப்பிக் கேட்டாள்.

யெய்ரி வீட்டுக்கும் போனேன். “நீ தொட்டியா இல்லியான்னு எனக்குத் தெரியாதுப்பா. தெரியும்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு” என்றேன். அவன், “நான் அழுதத எடுத்தீங்களா?” என்றான். எடுத்திருந்தேன். அழிக்கச் சொன்னான். அவன் கண்ணெதிரிலேயே அழித்தேன். இந்த வருஷம் நான் எடுத்ததில் நன்றாக வந்த படம் அது ஒன்றுதான், அக்கா.