ரேடியோவுக்கு அம்மை போட்ட கதை

தப்புத் தண்டாவுக்குப் போகாதவன்தான் போலீஸைக் கண்டால் அதிகம் நடுங்குவான். பழக்கம் இல்லை, பாருங்கள்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் எங்களுக்கு ஜவுளிக்கடை. ஆதிகாலத்து ரேடியோக்களை வாங்கி உயிர் கொடுப்பது என் பொழுதுபோக்கு (பைத்தியம் என்பாள் என் மனைவி மரியம்). மாமல்லபுரத்துக் கடற்கரை பங்களா ஒன்றில், உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்த ஒரு வால்வு ரேடியோ கிடைத்தது. கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றி, பாட்டரியை இணைத்தேன். பாடியது! இன்னும் சத்தமாகப் பாடட்டும் என்று திருகைத் திருப்பினேன். ஊளையிட்டது. அதே நொடியில் பக்கத்து வீட்டு ரேடியோவும் ஊளையிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலையில் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாய், எவனோ திருட்டு டிரான்ஸ்மிட்டர் வெச்சுகினு கீறான். நியூஸ் கேக்கவுடாம ஊளை வுடறான். ஆள் மட்டும் மாட்னா உள்ள தள்ளிடுவேன்!"

அவர் தேடிய அந்தத் திருட்டு டிரான்ஸ்மிட்டர் என் ரேடியோதான்!

"போய்ச் சொல்லிடுங்களேன். கழுத்தையா சீவிடுவாரு?" என்றாள் மரியம்.

சீவிவிடுவார் என்றே தோன்றியது. ரேடியோவைப் போர்வையில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு, கடலில் போட்டுவிட மாமல்லபுரம் பஸ் ஏறினேன். பஸ் கிளம்பும்போது ஒருவர் ஓடிவந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர்!

"யாரு கொழந்தை பாய்?"

"மச்சினிச்சி கொழந்தை."

"மூஞ்சியைக் காட்டுங்க, பாக்கலாம்." போர்வையைப் பிடித்தார்.

"அம்மை போட்டிருக்கு!" என்று அலறிவிட்டேன்.

பெரியம்மை ஊரையே காலி செய்துகொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னல் வழியாகக் குதிக்கப் பார்த்தார்கள்.

"எவனும் எறங்கக் கூடாது! ஆஸ்பத்திரிக்கு வுடுய்யா வண்டிய!" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மொத்த பஸ்ஸையும் வரிசையில் நிறுத்தி அம்மை குத்தினார்கள். எல்லாருக்கும் தைரியம் சொல்லி, முதலில் கையை நீட்டியவர் இன்ஸ்பெக்டர். கடைசியில் டாக்டர் என்னிடம் வந்து போர்வையை விலக்கினார். திருகை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

நான் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். பயணிகள் என்னை நோக்கி நகர்ந்தார்கள். அன்று என் எலும்பு மிஞ்சியது, இன்ஸ்பெக்டர் குறுக்கே நின்றதால்தான். அம்மை குத்திய கையைத் தடவிக்கொண்டே, "பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்றார். அவ்வளவுதான், கேஸ் முடிந்தது.

ஆனால் என் மகளின் நிக்காஹ் வரைக்கும் அவர் அதை விடவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டி அன்று அம்மை குத்திய தழும்பைக் காட்டினார்.

"சம்பந்தி வூடு எப்படின்னு கேட்டீங்களே? இதைப் பாத்துக்கோங்க!"