செருப்புக்குக் காவலாகக் கடல் தாண்ட மாட்டேன்

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை காலை.

என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, தெமட்டகொடை ராக்கம்மாவுக்கு உன் அண்ணி வெள்ளையம்மா எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நீயும் உன் வீட்டுக்காரர் தயாபரன் தம்பியும் மகள் மேனகாவும் சுகமாக இருப்பீர்கள். சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பதை ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் என் கண்ணாலேயே பார்த்தேன். என் சுகத்தை நீ விசாரிக்க வேண்டாம். உன் அண்ணன் போய் ஏழு மாதமாகிறது, எப்படி இருப்பேன் என்று தெரியாதா?

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே தபால் கந்தோருக்கு நடந்துபோய் முத்திரை வாங்கினேன்.

கோலாலம்பூருக்கு நாலு நாள் ஊர் பார்க்கப் போகிறோம், திட்டம் போட வாங்க அண்ணி என்று கூப்பிட்டாய். வந்தேன். ரயில்வேயில் இருபது வருஷம் வேலை பார்த்த தயாபரன் தம்பி, பழைய டியூட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்ததைப் படித்தார். ஐந்து நாற்பதுக்கு எழும்புதல், ஆறு பத்துக்கு முகம் கழுவுதல். நடுவில் அந்த அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டேன். "அது லேட்டாகிறதுக்கு வச்சிருக்கேன் அக்கா" என்றார். முகம் கழுவுவதற்கே லேட் போட்டுவைத்த மனுஷன் பிளேனை எப்படிப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் நீ சோறு சமைக்கிற ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "அங்க சோறு வேற மாதிரி இருக்கும் அண்ணி" என்றாய். சோறு எப்படியடி வேறு மாதிரி இருக்கும்? குக்கர் உன் பையில், அரிசி தம்பி பையில், கருவாடு மட்டும் என் பையில் என்று முடிவானது. ஏன் என்று கேட்டதற்கு, "உங்க பையிலதான் எடமிருக்கும். உங்களுக்கு நாலு சேல போதுந்தானே, இனி யாரு பாக்கப்போறா" என்றாய். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாய். கடித்த நாக்கை அப்படியே வைத்திருந்தாலும் பரவாயில்லை, அடுத்ததாக ஊர் பார்க்கிற இடங்களை வாசிக்க ஆரம்பித்தாய்.

முதல் நாள் பத்துமலை முருகன். இரண்டாம் நாள் டவுனுக்குள் இருக்கிற மாரியம்மன். மூன்றாம் நாள் பிள்ளையார், பின்னேரம் இன்னொரு முருகன். நாலாம் நாள் சேலைக்கடை. முருகனைப் பார்க்க ஜிந்துப்பிட்டிக்கு நடந்தே போகலாம், சேலைக்கடை நம் செட்டியார் தெருவிலேயே இருக்கிறது. பத்துமலையில் இருநூற்று எழுபத்திரண்டு படி என்று மேனகா போனைப் பார்த்துச் சொன்னாள். கொச்சிக்கடைப் பஸ்ஸில் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியவள் நீ. ஏறு, எனக்கென்ன. ஆனால் வருஷத் திவசம் முடியாமல் நான் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? நீ வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண், உனக்குத் தீட்டு மூன்றாம் நாளே குளித்ததோடு போய்விட்டது. எனக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இதைக் கேட்டேன். அப்போதும் உன் முகத்தில் ஒரு கலக்கம் இல்லை.

"அதையும் யோசிச்சிட்டேன் அண்ணி. நீங்க வாசல்ல இருங்க. நாங்க செருப்ப உங்ககிட்ட விட்டுட்டுப் போறோம். அங்க செருப்பு களவு போகுமாம்."

தயாபரன் தம்பி அதையும் தாளில் எழுதினார். 'அக்கா – செருப்பு, இரண்டு மணித்தியாலம்.' நான் பார்த்தேன், ராக்கம்மா. ஐந்தாம் வகுப்புதான் படித்தேன், ஆனாலும் என் பேருக்குப் பக்கத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதை வாசிப்பேன்.

இந்தப் பயணம் யாருடைய ஆசை? உன் அண்ணனுடைய ஆசை. முப்பத்தோரு வருஷம் துறைமுகத்து ஸ்டோரில் பெட்டி தூக்கினார். ஒரு கப்பல்காரர் கொடுத்த காலண்டர், வருஷம் முடிந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் எங்கள் சுவரில் தொங்குகிறது. அதில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம். "வெள்ள, அந்தப் பாலத்துல நின்னு பால் ஊத்தாத ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வந்துரணும்" என்பார். வேறு ஒன்றும் கேட்டதில்லை. பாஸ்போட் எடுத்து வந்த அன்று அதை வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நாலு தரம் திறந்து பார்த்தார். அந்தக் கோபுரம் உன் தாளில் எங்கே என்று கேட்டேன். "அத போற வழியில பஸ்ஸுக்குள்ள இருந்தே பாத்துக்கலாம் அண்ணி, எறங்கினா நேரம் போயிரும்" என்றாய். முகம் கழுவ அரை மணி நேரம் இருக்கிறது, உன் அண்ணனுக்கு இல்லை. என்னால் அதற்குப் பிறகு அங்கே இருக்க முடியவில்லை. நீ ஊற்றிவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தது அதனால்தான், நீ போனில் சொன்ன மாதிரி தலைசுற்றல் இல்லை.

ஆகவே நான் வரவில்லை. இது கோபத்தில் எழுதியதில்லை, மூன்று நாள் யோசித்து எழுதியது. செருப்புப் பார்க்க வேறு ஆளைப் பிடி. கருவாட்டை உன் பையிலேயே வை. மற்றபடி உன் முழங்காலுக்குப் பத்துமலையான் துணையிருக்கட்டும், தம்பியின் பிளேன் நேரத்துக்குப் பறக்கட்டும், மேனகா அந்தப் போனைவிட்டுத் தலையைத் தூக்கி ஒரு மலையையாவது பார்க்கட்டும். எல்லோரும் போன மாதிரியே திரும்பி வாருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணி
வெள்ளையம்மா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்குள் மேல்மாடி வீட்டுக்காரி பஸ்லா சீனி கேட்டு வந்தாள். அவள் போன வருஷம் அந்த ஊருக்குப் போய்வந்தவள். விஷயத்தைச் சொன்னேன். "ஒண்ணும் பயப்பட வாணாம் அக்கா, அந்த மாரியம்மன் கோயில் பக்கத்துலயே ரெயில் இரிக்கி. ஏறினா நாலாவது ஸ்டேஷன் கோபுரந்தான்" என்றாள். பாலத்தில் ஏற முன்கூட்டியே டிக்கட் எடுக்க வேண்டுமாம். இரண்டாம் நாளுக்கு அவளே போனில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆகவே நான் வருகிறேன். கருவாட்டையும் கொடுத்துவிடு, கொண்டுவருகிறேன். என் பையில் அதற்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்கும், உன் அண்ணனுக்கும் எனக்குமாக இரண்டு கோப்பையும் இருக்கும். மேலே டீ குடிக்க விடமாட்டார்களாம். நான் கேட்டுப் பார்க்கிறேன், விடாவிட்டால் வாசலில் நின்று குடிப்போம். இரண்டாம் நாள் மாரியம்மனிடம் நீங்கள் ஆறுதலாகக் கும்பிடுங்கள், தம்பி எழுதிய இரண்டு மணித்தியாலம் கோபுரத்துக்குப் போய்வர எனக்குப் போதும். செருப்பைப் பற்றிக் கவலைப்படாதே, காவல் என்று ஏற்றுக்கொண்டால் ஒழுங்காகச் செய்வேன். மூன்று சோடியையும் பையில் போட்டு என் கையோடு கொண்டுபோகிறேன். நான் வர லேட்டானால் வாசலிலேயே நில்லுங்கள். அங்கே வெயிலில் தரை சுடுமாம், ஆளுக்கு ஒரு சோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள்.