இரண்டாவது குப்பியின் துள்ளல்

உயிருள்ளவரை இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று தெஜோ சபதம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. சபதம் வீட்டுக்குள் ஒழுங்காகவே நடந்தது. ஆய்வுக்கூடத்தில் மட்டும் அதற்கு அடிக்கடி விடுமுறை.

விடுமுறை மனைவிக்குத் தெரிந்தால் தொலைந்தான். "இன்னொரு சிகரெட்டு பிடிச்சேன்னு தெரிஞ்சுது, டிஸா ஆத்துல நிக்கிற உன் படகு என் தம்பிக்கு" என்று இபோயா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். படகோ அவனுக்கு உயிர். போதாக்குறைக்கு ஆய்வுக்கூடத்துக்கும் அவள்தான் தலைவி. வீட்டில் பயந்துவிட்டு வேலைக்கு வந்தால், இங்கேயும் அதே முகம்.

அவர்கள் வேலை எலி மூளையோடு. மெல்லிசாகச் சீவிய துண்டை உப்புநீரில் உயிரோடு வைத்து, சிகரெட்டில் இருக்கும் அதே நிக்கோட்டினை விடுவார்கள். நரம்பு முனையில் அதற்கென்றே காத்திருக்கும் ஏற்பிகள் விழித்துக்கொள்ளும். நரம்புக்கு நரம்பு சேதி சொல்லும் குளூட்டமேட் கூடுதலாகக் கொட்டி அடுத்த நரம்பை உசுப்பும். திரையில் கோடு துள்ளும்.

அன்று காலை இபோயா இரண்டு குப்பிகளை நீட்டினாள்.

"எதுல நிக்கோட்டின்னு சொல்ல மாட்டேன். அளந்துட்டு நீ சொல்லு."

"என் மேல நம்பிக்கை இல்லையா, இபோ?"

"உன் கண்ணு மேல இல்ல. முன்னாடியே தெரிஞ்சுட்டா, அது தெரிஞ்சதைத்தான் பாக்கும்."

"அதுக்கு ஏன் என்னை மொறைக்கிற?"

"எப்பவும் பாக்கற மாதிரிதான் பாக்கறேன். உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

அவள் போய்விட்டாள். தெஜோ அவள் போன கதவையே பார்த்தான். தெரிந்துவிட்டதோ? தெரிந்துதான் சிரித்தாளோ? சிரித்தாளா, இல்லையா?

முதல் குப்பியை விட்டான். கோடு அசையவில்லை. கைதான் ஆடியது. ஆடுகிற கையோடு அடுத்த துண்டில் அளக்கும் ஊசியை எப்படி இறக்குவது? பின்கட்டுக்கு ஓடினான். பயத்தில் ஒரு சிகரெட், அந்த ஒன்று பிடித்த பயத்தில் இன்னொன்று. வாயைப் பத்துத் தடவை கொப்பளித்து, மேல்கோட்டை உதறி, பூண்டுத் தொத்திறைச்சி ஒரு துண்டைக் கடித்து மென்றபடி திரும்பினான். புது மூளைத் துண்டை வைத்து, அதற்குக் குப்பிநீர் கொண்டுவரும் குழாயின் முனையை வெறும் விரலாலேயே துடைத்துச் செருகி, இரண்டாவது குப்பியைத் திறந்துவிட்டான்.

கோடு துள்ளியது. போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. கோடு பதிந்த தாளை எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு ஓடினான்.

"ரெண்டாவதுதான் நிக்கோட்டின்! பாரு, குளூட்டமேட் எப்படி எகிறுது!"

"சந்தேகமே இல்லையே?"

"என் படகு மேல சத்தியம்!"

இபோயா தாளை நிதானமாகப் பார்த்தாள். தன் மூச்சு அவள் பக்கம் போகாதபடி அவன் ஓர் அடி பின்வாங்கினான்.

"ரொம்ப சுத்தமா அளந்திருக்கே தெஜோ. ஆனா ரெண்டு குப்பியிலயும் நான் ஊத்தினது வெறும் உப்புத்தண்ணி. இந்த நிக்கோட்டின் யார் விரல்லேருந்து வந்துச்சு?"