யூலையில் நீங்கள் சுவிசுக்கு வந்தே ஆகவேண்டும், அக்கா

எம்மன்புரூக்கே,
வைகாசி, 2018

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய பத்மினி அக்காவுக்குத் தம்பி இராஜேந்திரன் எழுதிக்கொள்வது. கனடாவில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை நிற்பானாக. இங்கே நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும். அக்கா, சுகமில்லை. உங்கள் தம்பியைச் சொந்த மகளே மலைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று கதைத்தாலும் ஜெயகௌரிக்குக் கேட்கும். மனைவிக்குக் கேட்டால் மகளுக்கும் கேட்ட மாதிரித்தான்.

இந்த நாட்டில் ஒரு நீளமான நடைபாதை இருக்கிறது. கிழக்கு எல்லையில் தொடங்கி, மலை மலையாக ஏறி இறங்கி, ஜெனீவா ஏரிக்கரையில் போய் முடிகிறது. ஒரேயடியாக நடக்க லீவு கிடைக்காதவர்கள் வருடத்துக்கு ஒரு துண்டாக நடப்பார்களாம். என் மகள், உங்கள் மருமகள் வேணுகா யூலையில் இரண்டு கிழமை அதில் ஒரு துண்டை நடக்கப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு முன்னால் இருந்து அறிவித்தாள். தனியாக. செப்டெம்பரில் அவளுக்கு லொசான் நகரில் புது வேலை, அங்கே வீடும் எடுத்தாயிற்று, அதற்கு முதல் நடந்துவிட வேண்டுமாம். நான் வேண்டாம் என்று நேரே சொல்லவில்லை. நேரே சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகள் காரணம் கேட்பார்கள். ஆகவே நம்முடைய ஆட்கள் காலங்காலமாகச் சொல்வதைச் சொன்னேன். "பொம்பிளைப்பிள்ளை தனியப் போறதோ? வீட்டு ஆள் ஒருத்தர் கூடப் போகவேணும்." இதற்கு அடங்காத பிள்ளை உண்டோ? பள்ளிக்கூடத்தில் கண்டிக்குச் சுற்றுலா என்று நீங்கள் துள்ளியபோது அப்பா இதைத்தானே சொன்னார், நீங்களும் அடங்கினீர்களே. வேணுகா வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டு, "ஓம் அப்பா, அப்ப நீங்கள் வாங்கோ" என்றாள். கை கழுவி வந்து இரண்டு பேருக்கு இடமும் பதிந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மலையில் உள்ள தங்குமடங்களில் இருபது பேர் வரிசையாகப் படுக்கவேண்டுமாம், பக்கத்தில் எந்த ஊர் ஆள் குறட்டை விடுவான் என்று நமக்குத் தெரியாதாம், நான் சாரம் கட்டிக்கொண்டு படுக்கலாமோ என்று கேட்டால், "படுக்கலாம் அப்பா, ஆனா சாரம் பாரம், யோசியுங்கோ" என்கிறாள், குசினித் தராசை எடுத்துவந்து என் சவர்க்காரப் பெட்டி முதல் விபூதிச் சிமிழ் வரை நிறுக்கிறாள், பல் தூரிகையின் பிடியைப் பாதியாக வெட்டிவிட்டாள், இப்போது நான் விரலை வாய்க்குள் விட்டுத்தான் பல் தீட்டுகிறேன், அவள் வேலைக்குப் போனதும் தாய்க்காரி வந்து முதுகுப் பைக்குள் புட்டுப் பானையை வைக்கிறாள், மாலையில் மகள் எடுக்கிறாள், காலையில் தாய் திரும்ப வைக்கிறாள், நடுவில் நான். வெள்ளிக்கிழமை எனக்குச் சைவம் என்று தங்குமடத்துக்குச் சொன்னதற்கு, மாக்கரோனியும் அப்பிள் களியும் தருவார்களாம். ஒரே கோப்பையில். அக்கா, நான் யாருக்கு என்ன செய்தேன்?

பயிற்சி வேண்டும் என்று பை நிறையத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி என்னை ஆற்றங்கரையில் நடக்க விட்டாள். அதைப் பார்த்த நம்முடைய சனம் ஜெயகௌரி என்னை வீட்டை விட்டுக் கலைத்துவிட்டாள் என்று கதை கட்டியது. அதைத் திருத்தப் போய்க் கோயிலில் தில்லைநாதன் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இரண்டு கிழமை நடையோ? எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?"

"கோயில் இல்லை அண்ணை."

"அப்ப, நடந்து போனாக் கடைசியிலை என்ன கிடக்கு?"

"பஸ் நிக்கிற இடம்."

"அந்த பஸ்ஸிலை ஏறிப் போய் அங்கை இறங்கேலாதோ?"

பிறகு அவர் ஒரு பைக்கற் கற்பூரத்தை என் கையில் திணித்து, "எதுக்கும் வழியிலை எங்கையாவது கொளுத்து" என்றார். அக்கா, நான் மலை ஏறி எல்லை கடந்து இந்த நாட்டுக்கு வந்தவன். துரத்த ஆள் இல்லாமல் ஒருவன் எதற்கு மலை ஏறவேண்டும்?

முழங்கால் வலியைக்கூடத் தாங்குவேன். என் பெரிய பயம் வேறு. அவள் வளர்ந்த காலம் முழுக்க எனக்கு இரவு வேலை. நான் தொழிற்சாலையால் வர அவள் பள்ளிக்குப் போவாள். "சாப்பிட்டியோ, ஜாக்கெற்றைப் போடு" என்பதற்கு மேல் நானும் அவளும் தனியாக இருந்து கதைத்ததே இல்லை. இரண்டு கிழமைக்கு நான் என்னத்தைக் கதைப்பேன்? முதல் மலையிலேயே கதை முடிந்துவிடும். இந்த அப்பாவிடம் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டு அவள் லொசானுக்குப் போவாள்.

ஆகவே, யூலையில் இரண்டு கிழமை சுவிசுக்கு வருவதாக உடனே அறிவியுங்கள். கனடா மாமி வந்து நிற்கும்போது வேணுகாவும் வீட்டை விட்டு அசையமாட்டாள், என்னையும் யாரும் அசைக்க முடியாது. உண்மையாகவே வரவேண்டும் என்றில்லை. கடைசி நேரத்தில் அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொள்ளட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நல்லூர்க் கந்தன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் அதுவரைக்கும் உழைக்கும் முழங்கால்களும் தருவானாக.

மலைக்கு நேர்ந்துவிடப்பட்ட தம்பி,
இராஜேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வேணுகா வந்தாள். "அப்பா, உங்களுக்கு விருப்பமில்லை எண்டு அம்மா சொன்னவ. பரவாயில்லை, உங்களுக்குப் பதிஞ்ச இடத்தை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். கோபம் இல்லை. "லொசானுக்குப் போனா உங்களைக் காணக் கிடைக்காது. நீங்கள் கூட ஆள் வேணுமெண்டு சொல்ல, எனக்குச் சந்தோசமாப் போச்சு. அதுதான் கேட்டனான்." நான் "சரி பிள்ளை" என்றேன். கேட்ட வரம் கிடைத்துவிட்டது அக்கா. குசினிக்குள் போனேன். பிறகு எனக்குத் தெரிந்த டொய்ச் பாஷையில் எல்லாத் தங்குமடங்களுக்கும் நானே போன் எடுத்தேன். முதல் மடத்தில் படுக்கை எல்லாம் போய்விட்டதாம், அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில்தான் படுக்கலாமாம். ஓம் என்று சொல்லிவிட்டேன். என்ன கதைப்பது என்று இன்னும் தெரியாது. ஆனபடியால், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அக்கா, யூலையில் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.