பூந்தமல்லி லாரியின் போர்வை

அரிசி நனையக் கூடாது என்பதில் சர்க்காருக்கும் குடிஜனங்களுக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. எதைப் போட்டு மூடுவது என்பதில்தான் சர்க்காருக்கும் சர்க்காருக்குமே கொஞ்சம் பேதம் வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்று ரேஷன் வந்திருந்தது. ஆவடி ரயிலடியில் இறங்கும் அரிசி மூட்டைகளை எங்கள் பூந்தமல்லி ரேஷன் கடைக்குக் கொண்டுவர, ‘அரிசிப் போக்குவரத்து உப காரியாலயம்’ என்று ஒன்று ஏற்பட்டது. அதற்கு அதிகாரி ஜம்புலிங்கம், பி.ஏ.; தலைமைக் குமாஸ்தா வீரராகவன்; டிரைவர் தசரதன். நாற்காலிகள், மேஜைகள், கூப்பிடு மணி எல்லாம் வந்த பிறகு கடைசியாக வண்டியும் வந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பிக்கப் லாரி. முன்பாதி மோட்டார் கார், பின்பாதி மாட்டு வண்டி. அதற்கு மேலே ஆகாயம்.

வண்டியை ஒப்படைத்த அமெரிக்க சார்ஜென்ட், சாமான் ஏற்றும் பின்தட்டை உள்ளங்கையால் தட்டி, “இந்த பெட்டுக்கு ஒரு கவர் போட்டுவிடுங்கள், மழை வரப்போகிறது” என்று அவன் பாஷையில் சொன்னான். ஜம்புலிங்கத்துக்கு விளங்கவில்லை. ஆனால் இங்கிலீஷ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிய ஒருவர், ஒரு சார்ஜென்டிடம் போய் ‘பெட்’ என்றால் என்ன என்று கேட்க முடியுமா? தலையை அசைத்து, கையெழுத்துப் போட்டு, வண்டியை வாங்கிக்கொண்டார்.

காரியாலயத்துக்கு வந்ததும் வீரராகவனைக் கூப்பிட்டார்.

“ஓய், லாரியில் படுக்கை எங்கே இருக்கிறது?”

“லாரியிலா, சார்?”

“சார்ஜென்டே சொன்னான். படுக்கைக்கு உறை போட வேண்டுமாம்.”

வீரராகவன் பழுத்த உத்தியோகஸ்தர். இல்லாத வஸ்துவை மேலதிகாரி கேட்டால் இல்லை என்று சொல்லலாகாது, அது எந்த இலாகாவைச் சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

“படுக்கை சம்பந்தப்பட்டதெல்லாம் ஆஸ்பத்திரி இலாகா, சார்.”

“அப்படியானால் அவர்களுக்கு எழுதும்.”

எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் மழை பெய்தது. அந்த மழையில் வந்த மூட்டைகள் ரேஷன் கடையில் புழுங்கிப் பூசணம் பிடித்தன. கடை பஷீருதீனுடையது. ரேஷன் இன்ஸ்பெக்டர் வந்து மோந்து பார்த்து, இன்னொரு தடவை கடையில் ஈர அரிசியைக் கண்டால் லைசென்ஸ் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார். நனைத்தது சர்க்கார், விற்றது பஷீருதீன். சட்டம் விற்றவனைத்தான் தண்டிக்கும். நனைப்பது குற்றம் என்று அதில் எங்கும் இல்லை.

பஷீருதீன் காரியாலயத்துக்கு ஓடினார்.

“சார், ஒரு படுதா வாங்கிப் போடுங்க சார். நாலு மூலையும் இழுத்துக் கட்டினா வேலை முடிஞ்சுது. அந்தக் கடை போச்சுன்னா எனுக்கு வேற பொழப்பு இல்லே.”

“படுதா ஸ்திரீகளுக்கு அல்லவா?” என்றார் ஜம்புலிங்கம். “உங்களில் லாரிக்குக் கூட கோஷாத் திரை உண்டா?”

“லாரிக்கு இல்லே சார், அரிசிக்கு. மழை கண்ணுல படாம வரணும்.”

“கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபைல் படுக்கை என்று ஆரம்பித்துவிட்டது. நடுவில் படுதா என்று திருப்பினால் ஆடிட்டில் கேட்பார்கள்.”

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் கேள்விகள் வந்தன. படுக்கையில் இருப்பது ஆணா, பெண்ணா? வீரராகவன் ‘அரிசி’ என்று எழுதினார். என்ன உபாதை? ‘ஈரம்.’ குளிர் ஜுரம் போலும் என்று அவர்கள் தீர்மானித்து, ஒரு வெள்ளை விரிப்பும், கம்பளியும், தலையணை உறைகள் இரண்டும் அனுப்பினார்கள்.

விரிப்பை லாரியின் மேல் கட்டினார்கள். மழை அதை ஒரு தடையாகக் கருதவில்லை. மூட்டைகள் வந்து இறங்கியதும், இன்ஸ்பெக்டர் கண்ணில் படுவதற்கு முன் பஷீருதீனின் மனைவி மஹ்பூபா வீடு முழுக்க அரிசியைப் பரப்பி விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தைகளை அண்டை வீட்டில் படுக்க வைத்தார்கள்.

கம்பளி தசரதனுக்கு உதவியது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு மூட்டைகளின் மேல் அவன் போர்த்திக்கொண்டு தூங்குவதைப் பார்த்து பஷீருதீன் கேட்டார்: “இன்னா தசரதா, அரிசி வரும்னு ஊரே காத்துகினு கீது, நீ தூங்கிகினு கீறே?”

“ஆபீஸே படுக்கைன்னு எழுதிகீது பாய். படுக்கைல படுக்காம இன்னா பண்ணச் சொல்றே?”

இதற்கிடையில் ஜம்புலிங்கத்தின் மனைவி தாட்சாயிணி ஒரு நாள் லாரியைப் பார்த்துவிட்டு, வெள்ளைத் துணி போட்டுப் பிணவண்டி மாதிரி இருக்கிறது என்றாள். தலையணை உறையில் பச்சைக்கிளியும் ‘குட் நைட்’டும் பின்னாத பெண்ணைப் படித்தவள் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத காலம் அது. அவள் விரிப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் நடுவில் ஒரு பெரிய கிளியும், அதன் கீழ் ‘குட் நைட்’டும் பின்னி அனுப்பினாள்.

பட்டப்பகலில் குட் நைட் சொல்லிக்கொண்டு லாரி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஓடியது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பார்த்ததோடு விட்டார்களா? திருநின்றவூர் பண்ணைக்காரர் தம் வில்வண்டிக்குக் கிளி போட்டார். செம்பரம்பாக்கத்து மிராசுதார் ஜோடிக்கிளி போட்டார். அம்பத்தூரில் குப்பை வண்டிக்கும் ஒரு கிளி வேண்டும் என்று பஞ்சாயத்தில் தீர்மானம் வந்து, மயிலா கிளியா என்பதில் கட்சி பிரிந்து ஒத்திவைக்கப்பட்டது. கிளி இல்லாத வண்டியில் போவது, வேட்டி இல்லாமல் போவது போல ஆகிவிட்டது.

ரேஷன் கடை வரிசையில் முதலில் நிற்பவள் எப்போதும் பொன்னியம்மாதான்.

“இன்னா பாய், அரிசி பாதி வெந்தே வருது? வெறகு மிச்சம்னு சர்க்காரே வேகவெச்சுக் குடுக்குதா?”

“நீ வேற ஏம்மா. போய் ஆபீஸ்ல கேளு.”

“நான் எதுக்குக் கேக்கணும்? கிளி நல்லா கீது, அத்தச் சொல்லு. என் மருமவ அதே மாதிரி பின்றா.”

கடைசியில் பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்தார். லாரியைச் சுற்றி வந்தார்.

“இது என்ன, பெட்ஷீட்? அரிசி லாரிக்குத் தார்ப்பாய் அல்லவா போட வேண்டும்?”

“நானும் ஆதியிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சார்” என்றார் ஜம்புலிங்கம்.

பட்டாளத்துக் கிடங்கிலிருந்து தார்ப்பாய் வந்து சேர்ந்தது. பச்சை நிறம், யானைத்தோல் கனம். பஷீருதீன் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அன்றைக்கே அடுத்த லோடு வருவதாக இருந்தது. வானமும் இருட்டிக்கொண்டு வந்தது.

“கட்டிடலாமா சார்?”

“என்ன ஓய், திறப்பு விழா இல்லாமலா?” என்றார் வீரராகவன்.

விழா ஏற்பாடாயிற்று. மூடுகிற வஸ்துவுக்குத் திறப்பு விழா செய்யலாமா என்று ஒரு சந்தேகம் எழுந்து, மூடும் விழா என்றால் காரியாலயத்தையே மூடுவதாக ஜனங்கள் சந்தோஷப்பட்டுவிடக் கூடும் என்பதால் திறப்பு விழாவே நிலைத்தது. காலி லாரியை மூடிக் காட்டுவது கௌரவமாக இராது என்று, பஷீருதீனின் கடைக்கு வந்த அரிசி முழுவதையும் ஏற்றி மைதானத்தில் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டரும் வந்து மேடையில் உட்கார்ந்தார். ஊரில் ஒருவர் பாக்கியில்லை. நாங்களும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தோம்.

கடவுள் வாழ்த்து முடிவதற்குள் தூறல் விழுந்தது. பெரிய மனிதர்கள் நனையலாகாது என்று நாலு ஆட்கள் தார்ப்பாயை விரித்து, மேடைக்கும் சபைக்கும் சேர்த்து மூங்கிலில் கட்டிவிட்டார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

பஷீருதீன் எழுந்து நின்றார்.

“சார், சார், அரிசி நனையுது சார். அத்தக் கழட்டி லாரிக்குப் போடுங்க.”

ஜம்புலிங்கம் அப்போதுதான் தார்ப்பாயின் வரலாற்றை ஆரம்பித்திருந்தார். சபையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இரண்டு பேர் வாயில் விரல் வைத்துக் காட்டினார்கள்.

“மறைக்குது, ஒக்காரு பாய்” என்றாள் பொன்னியம்மா.

“ஏம்மா, உங்க ஊட்டு அரிசிதான அது.”

“அது நாளைக்கு. இப்போ நான் நனைய முடியாது, கழட்டாதே.”

பஷீருதீன் தனியாக லாரிக்கு ஓடி, மேலே ஏறி, தம் மேல்துண்டை ஒரு மூட்டையின் மேல் விரித்தார். இன்ஸ்பெக்டர் மேடையிலிருந்தே மூட்டைகளைப் பார்த்து, பக்கத்தில் இருந்த வீரராகவன் காதில் ஏதோ சொன்னார். வீரராகவன் குடை பிடித்துக்கொண்டு போய், “கடைச் சாவியை இப்போதே கொடுத்துவிடுங்கள். நாளைக்கு மழையில் நீங்கள் அலைய வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் அபிப்பிராயப்படுகிறார்” என்றார்.

பஷீருதீன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். அவர் என்ன சொன்னாரோ, எங்களுக்குக் கேட்கவில்லை. மேடையில் ஜம்புலிங்கம் குரலை உயர்த்திவிட்டார்.

“மகா ஜனங்களே, வெளியே எவ்வளவு மழை பாருங்கள். உங்களில் ஒருவர் மேலாவது ஒரு சொட்டு விழுந்ததா?”

நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். அவர் சொன்னது முழு உண்மை. கை தட்டினோம்.