தலை தூக்கிய மரச்சீவல்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. கட்டைச் சாமி வந்துவிட்டார்! நேற்றுவரை அவரை யாருக்கும் தெரியாது. இன்று அவரைத் தெரியாது என்று சொல்கிறவனை யாருக்கும் பிடிக்காது. கடைத்தெருக் கோடியில் மூடிக்கிடந்த துணிக்கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, இடுப்புவரை தாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் கூட்டம் அலைமோதியது. நகை தொலைத்தவர்கள், புருஷன்மேல் சந்தேகம் கொண்டவர்கள், பங்காளிமேல் வயிறு எரிந்தவர்கள், எதையும் தொலைக்காமல் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கடைசி ரகத்தார் கைப்பணத்தைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

சாமியிடம் ஒரு டப்பா நிறைய மரச்சீவல்கள் இருந்தன. விரல் நீளம், காகிதம் மாதிரி மெல்லிசு. இடி விழுந்தும் எரியாத ஆதிமரத்தின் நெஞ்சிலிருந்து எடுத்தவையாம். இடி விழுந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தது யார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் வாய் கோணிக்கொள்ளும். ஒரு சீவலை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார். சுத்தமான கை என்றால் சீவல் சமர்த்தாகப் படுத்திருக்கும். களவு செய்த கை என்றால் இரண்டு முனையையும் தூக்கிக்கொண்டு வில்லாக வளையும்.

"மனுஷன் பொய் சொல்லுவான். மரம் பொய் சொல்லாது!" என்பார் சாமி.

வளைந்துவிட்டால் என்ன செய்வது? கவலையே வேண்டாம். பாவம் போக்கும் கட்டைத்துண்டு ஒன்றை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் தீர்ந்தது. அதுவும் அங்கேயே கிடைக்கும். நோயும் மருந்தும் ஒரே கடையில்!

இதுவரை ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஒருநாள் காலையில் கட்டைச் சாமியை ஏற்றிக்கொண்டு ஒரு கார் கிளம்பியது. போய் நின்ற இடம் எது தெரியுமா? மர ஆராய்ச்சி நிலையம்!

மரத்தை அறுத்து, ஊறவைத்து, உலர்த்தி, அது எப்போது வளையும், எப்போது வெடிக்கும் என்று அளந்து பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் நிறைந்த இடம் அது. காற்றில் ஈரம் கூடினால் மரம் உப்பிவிடும் என்பதற்காக, ஓர் அறையின் ஈரத்தை ஒரே அளவில் வைத்திருக்க ஒரு இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு நேர் எதிரில் இருந்த கூடத்தில்தான் சாமிக்கு நாற்காலி போட்டார்கள்.

காரணம், வைரக் கத்தி காணாமல் போயிருந்தது. மரத்தைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைப்பதற்கான கத்தி. வெட்டும் விளிம்பு வைரம். நிலையத்தின் இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். போலீசுக்குப் போனால் நிலையத்தின் மானம் போகும். அவருடைய மைத்துனர்தான் வழி சொன்னார். "போலீஸ் எதுக்கு மச்சான்? நம்ம கட்டைச் சாமி இருக்காரே!"

நிலையத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்தவர் ஒரே ஒருவர். மரத்தின் செல்லுலோஸ் இழைகளைப் பற்றியே ஆராய்ச்சி செய்பவர். வாயைத் திறந்தால் இழை, இழை என்பதால் எல்லோருக்கும் அவர் இழையக்கா.

"சார், சோதனை செஞ்சு பார்க்கிற இடத்துல சாமியாரா?"

"நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கேம்மா!" என்றார் இயக்குநர்.

இழையக்காவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவருடைய நாத்தனார் அதே நிலையத்தில்தான் வேலை செய்தாள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். மரத்துண்டுகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அவள் வேலை. சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பயந்த சுபாவம். பேனாவைப் பிடித்தால் காகிதம் நனைந்துவிடும். அப்படி வேர்க்கும் அவள் உள்ளங்கை. நாத்தனாரும் அண்ணியும் எலியும் பூனையுமாக இருந்தால்தானே அழகு என்று அக்கம்பக்கத்தார் ஏங்கினார்கள். இவர்களோ ஒரே ஸ்கூட்டரில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சாமி கண்ணை உருட்டினார்.

"கையை இறுக்க மூடிக்குங்க. உண்மையை மனசுல நினைச்சுக்கிட்டே இருங்க. நான் சொல்லும்போதுதான் திறக்கணும்!"

முதலில் இயக்குநர். பெரிய மனிதர் அல்லவா? அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை புனிதத் தூளைத் தூவி, நன்றாகத் தேய்த்து, அதற்குமேல் சீவலை வைத்தார் சாமி. சீவல் அசையவில்லை. அதிகாரிகளுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் அதே மரியாதை, அதே தூள். இழையக்காவின் கையிலும் சீவல் படுத்தே கிடந்தது. பழக்கதோஷம், அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மரத்தின் ரேகைகள் சீவலின் நீளத்தில் ஓடவில்லை, குறுக்கே ஓடின. மேல்பக்கம் மட்டும் பளபளத்தது. என்ன ஏது என்று யோசிப்பதற்குள் சாமி பிடுங்கிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் பாப்பா. அவளுக்குத் தூள் இல்லை. மூடியிருந்த கையைத் திறந்தாள். சீவலை வைத்ததுதான் தாமதம், இரண்டு முனையும் விருட்டென்று எழுந்து நின்றன.

"திருட்டுக் கை!" என்று கூரை அதிரக் கத்தினார் சாமி.

நேற்று மதியம்வரை அவளுடைய டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள் எல்லாம் இரண்டடி தள்ளி நின்றார்கள். ஒரு அம்மாள் தன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் எடுக்கல அண்ணி! சத்தியமா எடுக்கல!"

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்" என்றார் இயக்குநர். "கத்தியைக் கொண்டாந்து குடுத்துடு. போலீசுக்குப் போகாம விட்டுடறேன்."

இழையக்காவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. எலும்பு தேய உழைக்கிற பெண்ணைத் திருடி என்று சொல்ல இந்தத் தாடிக்கு என்ன தைரியம்! அதைக் கேட்டுத் தலையாட்டப் படித்தவர் கூட்டம் ஒன்று! கோபம் தலைக்கேறிய அதே நொடியில், குறுக்கே ஓடிய ரேகைகளும் மேல்பக்கப் பளபளப்பும் அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டன.

"பாப்பா, அழாத. அழுதா இன்னும் வேர்க்கும்" என்றார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார். "சார், ஒரு தடவை வந்த முடிவு முடிவே இல்லன்னு எங்களுக்கு தினமும் சொல்றது நீங்கதானே? மறுபடி செஞ்சு பார்த்துடலாமா?"

இயக்குநரால் மறுக்க முடியவில்லை. அந்த வாசகத்தை அவரே எழுதிக் கூடத்தின் சுவரில் மாட்டியிருந்தார்.

இழையக்கா மரத்துண்டுகளைச் சுற்றிவைக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கிழித்துப் பாப்பாவின் உள்ளங்கையில் விரித்தார். டப்பாவிலிருந்து புதுச் சீவல் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தார். சீவல் மூச்சுவிடவில்லை.

"பிளாஸ்டிக் தெய்வ சக்தியைத் தடுக்கும்!" என்று சாமி துள்ளினார்.

"இடி விழுந்தும் எரியாத மரமாச்சே சாமி, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தாண்ட முடியலையா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இழையக்கா மேஜை துடைக்கும் துணியை நனைத்துப் பிழிந்து, கூடத்தில் இயக்குநருக்குப் போட்டிருந்த மேஜைமேல் விரித்தார். அதன்மேல் ஒரு சீவல். அது விருட்டென்று தலை தூக்கியது.

"சார், உங்க மேஜையை என்ன பண்ணலாம்? போலீஸ்ல ஒப்படைச்சுடலாமா?"

இப்போது கூடமே சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

"மரத்தோட செல் ஒவ்வொண்ணும் குழாய் மாதிரி" என்றார் இழையக்கா. "அதோட சுவர்ல செல்லுலோஸ் இழைங்க நீளவாக்குல போகுது. தண்ணி வந்தா, ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவுல புகுந்து உட்காரும். அதனால மரம் நீளாது, பருக்கும். ஊறின கதவு அகலத்துல பருத்து இறுகுதே, அது மாதிரி. சாமி சீவலைக் குறுக்கே எடுத்திருக்காரு. அப்பதான் பருக்கிறது நல்லாத் தெரியும். மேல்பக்கம் வார்னிஷ் பூசியிருக்காரு. கீழ்ப்பக்கம் வேர்வையைக் குடிச்சு விரியுது, மேல்பக்கம் விரியல. வளையாம என்ன பண்ணும்? சாருக்கும் எனக்கும் ஏன் வளையல? வேர்வையைத் தூள் குடிச்சுடுச்சு."

அதிகாரிகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயமா? ஈரத்தில் மரம் வளைவதைப் பற்றியே புத்தகம் எழுதியவரும் அந்த வரிசையில் இருந்தார்.

சாமி மெதுவாக வாசல்பக்கம் நகர்ந்தார். வழியில் காவலாளி நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க சாமி? எல்லாரும் கை நீட்டியாச்சு, நீங்க மட்டும் பாக்கி. தூள் வேண்டாம். கையை இறுக்க மூடி உண்மையை நினைச்சுக்குங்க" என்றார் இழையக்கா.

சாமி உண்மையைத்தான் நினைத்திருக்க வேண்டும். நெற்றியிலிருந்து தாடிவரை வேர்த்து ஊற்றியது. கையைத் திறக்க வைத்துச் சீவலை வைத்தார்கள். அது பாய் மாதிரி சுருண்டேவிட்டது.

"திருட்டுக் கை!" என்று ஒரு குரல் கணீரென்று கேட்டது. பாப்பாதான்! அழுத கண்ணோடு நின்று கத்தினாள்.

"அதெல்லாம் சரி, கத்தி எங்கே?" என்றார் இயக்குநர்.

"கடைசியா அது யார் கையில இருந்ததுன்னு இதுவரைக்கும் யாராவது கேட்டீங்களா?" என்றார் இழையக்கா.

யாரும் கேட்கவில்லை. சாமியைக் கேட்பது சுலபமாக இருந்ததே! நுண்ணோக்கி இயக்குபவர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "வெளியூர் விருந்தாளிங்க வந்தப்போ சார்தான் எடுத்துக் காட்டினாரு. அப்புறம் நான் பார்க்கல."

இயக்குநர் எழுந்து, கூடத்தை ஒட்டியிருந்த தன் அறைக்குப் போனார். அன்றைக்குப் போட்டுக் கழற்றி அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கோட்டின் பையில் கைவிட்டார். பெட்டியோடு வந்தது வைரக் கத்தி. சீவல் அசையாமல் படுத்திருந்த முதல் சுத்தமான கை அது!

"நீ... நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடும்மா" என்று முணுமுணுத்தார்.

"வரேன் சார்" என்றாள் பாப்பா. "ஆனா திருடின்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சொன்னார். கைப்பையை அணைத்துக்கொண்ட அம்மாள்தான் முதலில் கைதட்டினாள்.

சாமியைப் போலீசில் ஒப்படைத்துவிட்டு, அண்ணியும் நாத்தனாரும் நேரே கடைத்தெருவுக்குப் போனார்கள். துணிக்கடை வாசலில் கூட்டம் அப்படியே காத்துக்கிடந்தது. ஈரத் துணியையும் சீவலையும் வைத்துச் செய்து காட்டினார்கள். திட்டினவர்கள் உண்டு. கழுத்துக் கட்டையைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு. கடைசியில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ரொம்ப நன்றிம்மா, கண்ணைத் திறந்துட்டீங்க. இவன் போலி. சரி, நிஜமான கட்டைச் சாமி எந்த ஊர்ல இருக்காருன்னு சொல்ல முடியுமா?"

இழையக்கா ஸ்கூட்டரைக் கிளப்பினார். வேறென்ன செய்வார்?

மரம் வளைவதற்காவது கொஞ்சம் ஈரம் வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரு தாடி போதும். அடுத்த தாடி வரும், அதில் சந்தேகமே இல்லை. அவரிடம் உள்ளங்கையை நீட்டுவதற்கு முன்னால், அதே கையால் உங்கள் தலையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்று வெகுநாளாக வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.